குண்டு உள்ளே... நுரை வெளியே!

  

'எந்த ஊரு?'ன்னு கேட்டு, 'ஆரணி'ன்னு நான் சொன்னா, அடுத்த கேள்வி 'பட்டுச் சேலை எவ்ளோ வரும்?'னுதான் இருக்கும். பாஸ், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம்ம ஆரணி திருவள்ளூர் மாவட்டம். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் பக்கத்து ஊர். வருஷத்துல பாதி நாள் மணல் மட்டும் ஓடற ஆரணியாறு. அந்தப் பக்கம் போனா கும்மிடிப்பூண்டி சிப்காட். மூணு ஷிஃப்ட்டுக்கும் கம்பெனி வேன் வந்து ஆளை அள்ளிட்டுப் போகும். இதான் நம்ம ஏரியா.

இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் சீரியஸ். ஆனா ஆரம்பம் செம ஜாலி. ஃபைனல் இயர்ல நம்ம கேங்குல முதல் ஆளா ஒருத்தனுக்கு வேலை கிடைச்சுது. (பேர் வேணாம். 'நம்ம ஹீரோ'ன்னு வெச்சுக்குவோம்.) ட்ரீட் இல்லாம விடுவோமா? ஆத்து மணல்ல ஏழு பேர் உக்காந்தோம். ரெண்டு பார்சல் பிரியாணி, நாலு பாக்கெட் மிக்ஸர், அப்புறம்... அதேதான்.

ஹீரோ அதுக்கு முன்னாடி ஒரு கொரியன் கம்பெனியில ஒரு மாசம் ட்ரெய்னிங் போயிருந்தான். அங்கேருந்து வேலை கத்துக்கிட்டு வந்தானோ இல்லையோ, ஒரு 'டெக்னிக்'கைக் கத்துக்கிட்டு வந்துட்டான். பெரிய மக்குல பீர். சின்ன கிளாஸ்ல பிராந்தி. அந்தச் சின்ன கிளாஸை அப்படியே பீருக்குள்ள 'டொப்'னு போடணும். நுரை பொங்கும். அது வழியறதுக்குள்ள ஒரே மூச்சுல காலி பண்ணணும். 'இதுக்குப் பேரு பாம் மச்சி'ன்னான்.

நாங்க சும்மா இருந்தோமா? கை தட்டி, 'ஒரே மூச்சு! ஒரே மூச்சு!'ன்னு கத்தினோம். அதுல ரொம்பச் சத்தமா கத்தினது யாருன்னு கேக்கறீங்களா? இந்தப் பத்தியை எழுதற நல்லவன்தான்.

மீதிக் கதை கடைசியில. அதுக்கு முன்னாடி இந்த 'குண்டு'க்கு ஒரு பயோடேட்டா.

குண்டோட குடும்ப மரம்

இது கொரியாக்காரங்க மட்டும் கண்டுபிடிச்சது இல்லை. உலகம் பூரா இதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. அமெரிக்காவுல விஸ்கியையும் பீரையும் சேர்த்து அடிச்சா 'பாய்லர்மேக்கர்'. அந்த விஸ்கியைக் கிளாஸோட பீருக்குள்ள போட்டா 'டெப்த் சார்ஜ்'. நீர்மூழ்கிக் கப்பலை உடைக்கறதுக்குக் கடல்ல போடற வெடிகுண்டோட பேர் அது. ஜெர்மனியில இதே சமாசாரத்துக்கு நீர்மூழ்கிக் கப்பலோட பேரையே வெச்சுட்டாங்க... 'யூ-போட்'! மெக்ஸிகோவுல டெக்கீலாவைப் பீருக்குள்ள போட்டா 'சப்மரினோ', அதுவும் நீர்மூழ்கிதான். ரஷ்யாவுல வோட்காவும் பீரும் கலந்தா 'யோர்ஷ்'. அது முள்ளு நிறைய இருக்கற ஒரு மீனோட பேரு.

கவனிச்சீங்களா? வெடிகுண்டு, நீர்மூழ்கி, முள்ளு மீன். பேர் வெச்ச யாருக்கும் இதைப் பத்திச் சந்தேகமே இருந்திருக்கலை. நமக்குத்தான் இன்னும் புரியலை!

ஒரு நாட்டையே ஆட்டின லஞ்ச்

கொரியாவுல இதுக்குப் பேர் 'பொக்தான்ஜு'. நேரா தமிழ்ப்படுத்தினா 'வெடிகுண்டு மது'. முதல்ல விஸ்கியைத்தான் பீருக்குள்ள போட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்ப அதிகமா நடக்கறது, அவங்க ஊர்ச் சரக்கான சோஜுவையும் பீரையும் கலக்கற 'சோமேக்'. ஆபீஸ் முடிஞ்சதும் மேனேஜர்ல இருந்து புதுசா சேர்ந்த பையன் வரைக்கும் ஒண்ணா சாப்பிடப் போவாங்க. பெரியவர் ஊத்திக் கொடுத்தா ரெண்டு கையால வாங்கணும், மறுத்தா மரியாதை இல்லை. நம்ம ஊர்ல 'அண்ணன் சொல்றாரு, ஒரு வாய் குடிடா'ன்னு சொல்றாங்கள்ல... அதையே கோட்டு, டை போட்டுச் சொல்லுவாங்க.

1999 ஜூன் 7. தென்கொரியாவுல ஒரு மூத்த அரசு வழக்கறிஞர் மதியச் சாப்பாட்டோட பொக்தான்ஜுவும் போட்டுட்டு ஆபீஸுக்கு வந்தார். அங்கே இருந்த நிருபர்கள்கிட்ட, 'ரூபாய் நோட்டு அடிக்கற அரசு நிறுவனத்துல நடந்த ஸ்டிரைக்கைத் தூண்டி விட்டதே நாங்கதான்'கற மாதிரி பேசிட்டார். (அவங்க ஊர்ல அது ரூபாய் இல்லை, 'வோன்'. நம்ம வசதிக்குச் சொன்னேன்.) மறுநாளே நீதித்துறை அமைச்சர் பதவி காலி. அந்த வருஷமே, கொரியாவோட வரலாற்றுல முதல் தடவையா சிறப்பு விசாரணை வழக்கறிஞரை நியமிச்சு விசாரிக்க வேண்டியதாச்சு. சின்ன கிளாஸ்ல இருந்த குண்டு, ஒரு மந்திரி நாற்காலியையே தூக்கிடுச்சு!

சட்டம் கரைச்சுக் குடிச்ச ஆளுக்கே வாய்ல ஜிப் இல்லாமப் போச்சு. நாமெல்லாம் எம்மாத்திரம்? எக்ஸுக்கு அர்த்த ராத்திரியில போன் போட்டு, மறுநாள் காலையில 'ஸாரி'ன்னு பதினெட்டு மெசேஜ் அனுப்பின ஆளுங்க கை தூக்குங்க பார்ப்போம்!

அதே கொரியாவுல 2012-ல சாம்சங் கம்பெனி ஊழியர்களுக்கு ஒரு கண்டிப்பான பிரசாரம் நடத்துச்சு. தண்டனையா குடிக்க வைக்கறது, ஒரே மூச்சுல குடிக்க வைக்கறது, கிண்ணத்துல ஊத்திக் கொடுக்கறது... மூணுமே கூடாதுன்னாங்க. கூடவே '119'னு ஒரு ரூல். ஒரே வகைச் சரக்கு, ஒரே ரவுண்டு, ஒன்பது மணிக்குள்ள வீடு. 119-ங்கறது அந்த ஊர்ல ஆம்புலன்ஸ் நம்பரும்கூட. எவ்வளவு பொருத்தம் பாருங்க!

காப்பி அடிச்சோம்... கணக்கை விட்டுட்டோம்!

இப்பதான் மெயின் மேட்டர். எக்ஸாம்ல பக்கத்து பையன் பேப்பரைப் பார்த்து எழுதறப்போ, அவன் செட் 'ஏ', நாம செட் 'பி'ன்னு கவனிக்காம விட்டா என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும்.

இன்னிக்குக் கொரியாவுல விக்கிற சாதாரண சோஜுவுல ஆல்கஹால் 16, 17 சதவீதம்தான். அவங்க பீர்ல நாலரை சதவீதம் சுமார். 50 மி.லி. சோஜு, 150 மி.லி. பீர்னு ஒரு கிளாஸ் சோமேக் கலக்கினா, அதுல இருக்கற சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 12 கிராம்.

நம்ம ஊருக்கு வாங்க. டாஸ்மாக் பிராந்தி, விஸ்கி பாட்டில் லேபிளைப் பாருங்க. 42.8 சதவீதம்னு இருக்கும். அது என்ன கணக்கு 42.8? பழைய பிரிட்டிஷ் அளவுல 57.1 சதவீத ஆல்கஹாலுக்கு 'ப்ரூஃப்'னு பேரு. துப்பாக்கி மருந்துல சாராயத்தை ஊத்திப் பத்த வெப்பாங்களாம். பத்திக்கிச்சுன்னா, சரக்கு கலப்படம் இல்லைன்னு 'ப்ரூஃப்'. அதுல முக்கால் பங்கு போட்டா 42.8. வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் வெச்ச கணக்கு லேபிள்ல ஒட்டிக்கிட்டு இருக்கு!

சரி, ஸ்ட்ராங் பீர்? 8 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். 650 மி.லி. பாட்டில். கால்குலேட்டரை எடுங்க. ஒரு ஸ்ட்ராங் பீர் பாட்டில்ல கிட்டத்தட்ட 41 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி. பிராந்தியில 20 கிராம். ரெண்டையும் சேர்த்தா 61 கிராம்.

ஆக, கொரியாக்காரன் குடிக்கறது 12, நம்ம ஹீரோ குடிச்சது 61. அஞ்சு மடங்கு! அதுவும் ஒரே மூச்சுல! ஒரே சமயத்துல 60 கிராமோ அதுக்கு மேலயோ உள்ள போனா, அதை 'மிதமிஞ்சிய குடி' கணக்குல சேர்க்குது உலக சுகாதார நிறுவனம். பார்ட்டி முழுக்கக் குடிச்சுத் தாண்ட வேண்டிய கோட்டை நாம முதல் மக்குலயே தாண்டிடறோம். அதுக்கப்புறம்தான் 'மச்சி, அடுத்த ரவுண்டு'ங்கறோம்!

'மிக்ஸ் பண்ணாத்தான் ஏறும்'... நெஜமா?

ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் ஒரு விஞ்ஞானி இருப்பார். 'பீரையும் ஹாட்டையும் கலந்தா உள்ள கெமிக்கல் ரியாக்‌ஷன் நடக்கும்டா'ம்பார். ஒரு ரியாக்‌ஷனும் நடக்காது. பீர்ல இருக்கறதும் எத்தனால்தான், பிராந்தியில இருக்கறதும் எத்தனால்தான். மாமனும் மச்சானும் ஒரே வீட்டுக்குப் போற மாதிரி ரெண்டும் நேரா ரத்தத்துக்குத்தான் போகும்.

2019-ல ஜெர்மனியில 90 வாலன்டியர்களை வெச்சு, பீரையும் ஒயினையும் மாத்தி மாத்திக் கொடுத்து ஒரு ஆராய்ச்சி நடத்தினாங்க. எதை முதல்ல குடிச்சா மறுநாள் தலைவலி கம்மின்னு பார்த்தாங்க. முடிவு? வரிசைக்கும் ஹேங் ஓவருக்கும் சம்பந்தமே இல்லை. குடிச்சு எவ்வளவு போதை ஏறுச்சு, வாந்தி எடுத்தாங்களாங்கறதுதான் மறுநாளைச் சொல்லுது.

அப்ப குண்டுல என்ன ஸ்பெஷல்? வேகம்! கிளாஸ் உள்ள விழுந்ததும் பீர்ல இருக்கற கேஸ் எல்லாம் ஒட்டுமொத்தமா நுரையா கிளம்பும். வழிஞ்சு வீணாகக் கூடாதேன்னு கடகடன்னு குடிப்போம். மணிக்கணக்குல உள்ள போக வேண்டியது நொடிக்கணக்குல போயிடும். ஆனா போதை உடனே உச்சத்துக்குப் போகாது. அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த கேப்புலதான் 'எனக்கு ஒண்ணும் ஆகலையே... இன்னொண்ணு ஊத்து'ன்னு வீர வசனம் பேசறோம். முதல் குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே மூணாவது குண்டை உள்ள இறக்கியாச்சு!

சில பேர் பீருக்குப் பதிலா எனர்ஜி ட்ரிங்க்ல போடறாங்க. அது இன்னும் மோசம். அதுல இருக்கற கஃபீன் தூக்கத்தைத்தான் விரட்டும், போதையை இல்லை. ஃபுல் போதையில இருக்கறவன் 'நான் ஸ்டெடி'ன்னு நம்பிக்கிட்டு இருப்பான். அமெரிக்காவுல கஃபீனும் ஆல்கஹாலும் கலந்து டின்ல வித்தாங்க. காலேஜ் பசங்க வரிசையா ஆஸ்பத்திரியில சேரவும், 2010 நவம்பர்ல அரசாங்கம் நாலு கம்பெனிகளுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் விட்டுச்சு. கஃபீன் அந்த டின்னை விட்டே ஓடிப் போச்சு.

சாவி யார்கிட்ட?

இந்த 61 கிராமை 60 கிலோ எடையுள்ள ஒரு பையன் குடிச்சா, 100 மி.லி. ரத்தத்துல சுமார் 150 மில்லி கிராம் ஆல்கஹால் வரைக்கும் ஏறலாம். அதே எடையில ஒரு பொண்ணுன்னா இன்னும் அதிகம், 185 பக்கம் போகும். உடம்புல தண்ணியோட அளவு வித்தியாசப்படறதுதான் காரணம். நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல எல்லை எவ்வளவு தெரியுமா? 30!

உடம்பு ஒரு மணி நேரத்துல சுமார் 15 மில்லி கிராம்தான் குறைக்கும். ராத்திரி ஒன்பதுக்கு ஒரு குண்டு போட்டவன் 30-க்குக் கீழே இறங்க விடியக்காலை அஞ்சு ஆகும். முழுசா இறங்க ஏழு. மோர், லெமன் ஜூஸ், தலையில ஒரு குடம் தண்ணி... எதுவும் இந்த ஸ்பீடை மாத்தாது. குளிச்சா, குளிச்ச குடிகாரனா இருப்போம், அவ்வளவுதான்!

ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு பைக்ல கிளம்பற அப்ரண்டிஸ் தம்பிகளே, 'நேத்து ராத்திரிதானே குடிச்சேன்'னு சொல்லாதீங்க. கும்மிடிப்பூண்டி பக்கம் கொல்கத்தா ஹைவேயில கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்துல ஓட்டறப்போ, உங்க ரத்தத்துல நேத்து ராத்திரி இன்னும் முடிஞ்சிருக்காது.

ஃபைன்? 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவை மாட்டினாலே பத்தாயிரம் ரூபாய், அல்லது ஆறு மாசம் உள்ளே, அல்லது ரெண்டும். 2022 அக்டோபர்ல சென்னை போக்குவரத்து போலீஸ், பின்னாடி உக்காந்து வர்றவருக்கும் ஃபைன்னு அறிவிச்சாங்க. 'நான் ஓட்டலை சார், சும்மாதான் உக்காந்திருந்தேன்' டயலாக் செல்லாது! இன்னொண்ணு... தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்குச் சரக்கு விக்கறதே சட்டவிரோதம். அதாவது, டிகிரி படிக்கற பெரும்பாலான பேருக்கு இந்தப் பத்தியே சிலபஸ்ல இல்லாத பாடம்!

மல்லாக்கப் போடாதீங்க!

இப்ப ஆத்து மணலுக்குத் திரும்புவோம். நம்ம ஹீரோ மூணு குண்டு போட்டான். இருபது நிமிஷம் செம காமெடி. அப்புறம் பேச்சு குழறுச்சு. அப்புறம் பேச்சே இல்லை. 'தூங்கட்டும் விடுங்கடா, காலையில தெளிஞ்சிடுவான்'னு மணல்ல மல்லாக்கப் படுக்க வெச்சு, ஒரு துண்டையும் போத்தி விட்டோம். எவ்வளவு பாசம்! போட்டோ வேற எடுத்தோம்.

அப்ப, பக்கத்துக் கொல்லையில மோட்டார் கொட்டாய்க்குக் காவலுக்கு இருந்த ஒரு பெரியவர் டார்ச் அடிச்சுக்கிட்டு வந்தார். திட்டப் போறார்னு நினைச்சோம். நேரா ஹீரோகிட்ட போய் உக்காந்தார்.

''இன்னா தம்பி, மல்லாக்கப் போட்டு வெச்சிருக்கீங்க? வாயில எடுத்தான்னா மூச்சுக்கொழாயில பூந்துக்கும்பா. இப்பிடித் திருப்பு.''

''இல்ல ஐயா... தூங்கறான்...''

''தூங்கறவன எழுப்புனா முழிப்பான். எங்க, எழுப்பு பாக்கலாம்.''

எழுப்பினோம். தட்டினோம், கிள்ளினோம். முழிக்கலை. எங்க ஆறு பேர் போதையும் அந்த செகண்ட்ல இறங்குச்சு. பெரியவர் அவனை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மேல் காலை முட்டியில மடக்கி, வாய் கீழே பார்க்கற மாதிரி தலையைச் சாய்ச்சு வெச்சார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண்ணைத் திறக்காமலே, அசையாமலே, வாந்தி எடுத்தான். எல்லாம் மணல்ல போச்சு. மல்லாக்கவே கிடந்திருந்தா எங்கே போயிருக்கும்?

அப்புறம்தான் 108-க்கு போன் போட்டோம். அதுக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம், 'காலேஜுக்குத் தெரிஞ்சா? வீட்டுக்குத் தெரிஞ்சா?'ன்னு பட்டிமன்றம் நடத்தினோம். இன்னிக்கு நினைச்சாலும் உடம்பு கூசுது. ஒரு உயிரையும் ஒரு டிசியையும் தராசுல வெச்சு அஞ்சு நிமிஷம் யோசிச்சிருக்கோம்.

ஸோ, இதைக் கிழிச்சு ரூம் கதவுல ஒட்டிக்கோங்க:

- எழுப்பினா முழிக்கலையா? அது தூக்கம் இல்லை, மயக்கம். உடனே 108.
- மூச்சு ரொம்ப மெதுவா, விட்டு விட்டு வருதா, உதடும் நகமும் நீலமாகுதா, உடம்பு ஜில்லுன்னு இருக்கா, வலிப்பு வருதா... யோசிக்கவே யோசிக்காதீங்க.
- ஒருக்களிச்சே படுக்க வைங்க. தனியா விட்டுட்டுப் போகாதீங்க. ஒருத்தர் பக்கத்துலயே முழிச்சு உக்காரணும். குடிச்சு முடிச்ச பிறகும் போதை ஏறிக்கிட்டேதான் இருக்கும்.
- மயக்கத்துல இருக்கறவன் வாயில மோர், காபி, உப்புத் தண்ணி எதையும் ஊத்தாதீங்க. விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க.
- டாக்டர்கிட்ட என்ன குடிச்சான், எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு ஒளிக்காமச் சொல்லுங்க. அவங்க வார்டன் இல்லை!

சைட் டிஷ் சங்கத் தலைவர்களே...

ஒவ்வொரு கேங்குலயும் ஒருத்தன் இருப்பான். குடிக்க மாட்டான், ஆனா மிக்ஸர் பாக்கெட்டை மட்டும் காலி பண்ணுவான். 'சைட் டிஷ்ஷுக்குன்னே வர்றான்டா'ன்னு ஓட்டுவோம். இனிமே ஓட்டாதீங்க. பைக் சாவி எல்லாத்தையும் அவன்கிட்ட கொடுங்க, சிக்கன் சிக்ஸ்டி-ஃபைவையும் அவன் பக்கம் தள்ளுங்க. அந்த ராத்திரியில வேலைக்கு ஆகற மூளை அவன் ஒருத்தன்கிட்டதான் இருக்கு.

'வேணாம்'னு சொல்லக் கூச்சமா இருக்கா? பெரிய லெக்சர் எல்லாம் வேணாம். 'மாத்திரை சாப்பிடறேன் மச்சி', 'நாளைக்கு இன்டர்வியூ இருக்கு', 'இன்னிக்கு நான்தான் டிரைவர்'... ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டு செவன்-அப் கிளாஸைக் கையில வெச்சுக்கோங்க. ரெண்டாவது ரவுண்டுக்கு அப்புறம் உங்க கிளாஸ்ல என்ன இருக்குன்னு கவனிக்கற நிலைமையில யாரும் இருக்க மாட்டாங்க!

பார்ட்டியில ஆரம்பிச்சது தினப்படி ஆகிடுச்சு, நிறுத்த முடியலைன்னு யாராவது தவிச்சா 14446-க்கு போன் போடச் சொல்லுங்க. போதை மீட்புக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. சென்னையில 1980-லயே ஆரம்பிச்ச டி.டி.கே. ஆஸ்பத்திரி இதுக்காகவே இருக்கு. போய்க் கேக்கறதுல ஒரு வெக்கமும் இல்லை. காய்ச்சலுக்குப் போறோம்ல, அது மாதிரிதான்.

நம்ம ஹீரோ என்ன ஆனான்னு கேக்கறீங்களா? ரெண்டு நாள் கழிச்சு வீடு வந்தான். இப்ப நல்லா இருக்கான். அவன் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் படிக்குது. போன தீபாவளிக்குப் பார்த்தப்போ அது என்னைக் காட்டி, 'இந்த அங்கிள் யாருப்பா?'ன்னு கேட்டுச்சு. 'என் பெஸ்ட் ஃப்ரெண்டும்மா'ன்னான். எனக்குத் தொண்டையை அடைச்சுது. அன்னிக்கு ராத்திரி ரொம்பச் சத்தமா கத்தினது இந்த பெஸ்ட் ஃப்ரெண்டுதான்னு அவனுக்கு ஞாபகம் இருக்கா, இல்லை மறந்த மாதிரி இருக்கானான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கலை.

அந்தப் பெரியவர் பேரும் எங்களுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் லைட் தெரிஞ்சதும் டார்ச்சை அணைச்சுட்டு, கொல்லைப் பக்கம் போயிட்டார்.

ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. அடுத்த தடவை வட்டத்துல உக்காந்து யாராவது 'ஒரே மூச்சு! ஒரே மூச்சு!'ன்னு ஆரம்பிச்சா, கூடச் சேர்ந்து கத்தாதீங்க. நிறுத்தறதுக்கு ஒரு வாய் இருந்தாப் போதும். அது உங்க வாயா இருக்கட்டும்.

ஓகே... அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். அதுவரைக்கும், சாவி பத்திரம்!